எழுபத்திரண்டு போடு

ஸ்ரீ பொன்னுலிங்கம் பொறியியல் கல்லூரியில் பயோமெடிக்கல் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே ஆளுக்கு ஓர் உறுப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மெக்கானிக்கல்காரர்களுக்குக் காக்கி உடுப்பு, சிவில்காரர்களுக்கு மஞ்சள் தொப்பி, இவர்களுக்கு உறுப்பு. அதை நாலு வருடம் வளர்த்து ஆளாக்கி, கேம்பஸ் இன்டர்வியூவில் ஏதாவது ஒரு வேலைக்கு அனுப்பிவைத்தால் டிகிரி.

உறுப்பெல்லாம் கட்-ஆஃப் படிதான். முதலில் வருகிறவருக்கு மூளை, அடுத்தவருக்கு இதயம், அதற்கடுத்து ஈரல், இப்படியே இறங்கிக்கொண்டு போகும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் வந்தால் கிட்னி, அதுவும் ஜோடியாக. கடைசிக் கவுன்சலிங்கில் வந்த பையனுக்குக் குடல்வால் கிடைத்தது. அவன் முகம் சுளிக்காமல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வேலுமதிக்கு இதயம்தான் வேண்டும். மூளை கொடுத்தாலும் வேண்டாம் என்றிருப்பாள். அவள் அப்பா ஆவுடையப்பன் சங்கரன்கோவில் பக்கம் மினிபஸ் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாக அவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது, கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் தளர்ந்துபோச்சு. பத்திரமா வச்சுக்கிட்டா நாலு வருஷம் தாங்கும். அதுக்குள்ள வேற ஒண்ணு பாத்துக்கோங்க" என்றார்.

"நாலு வருசந்தான? படிப்பும் நாலு வருசந்தான்" என்றார் ஆவுடையப்பன். இந்தப் படிப்பைப் பற்றி அவர் பஸ்ஸில் வருகிற ஒரு வாத்தியார் சொல்லியிருந்தார். "டாக்டருக்குப் படிச்சா ஊரான் நெஞ்சைத்தான் கையில குடுப்பான். இதுல நமக்குன்னு ஒண்ணு தாரான் பாத்தியா தாயி. வளத்து எடுத்துட்டு வா. வேலையா இல்ல அதுக்கு? எங்கிட்டயே இருக்கு" என்று தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினார். தட்டியதில் இருமல் வந்துவிட்டது.

அரை மார்க்கில் தப்பி அவளுக்கு இதயமே கிடைத்தது. அப்போது அது நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். எவர்சில்வர் தூக்குச்சட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் விட்டு, மூடி போட்டு ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனாள். அறைத்தோழி ஜெபசெல்விக்கு மண்ணீரல். அது எதற்கு என்று அவளுக்கும் தெரியாது, பாடம் எடுத்தவருக்கும் தெரியாது, மண்ணீரலுக்கும் தெரிந்த மாதிரி இல்லை. ஆனாலும் ரெண்டு பேரும் ரெண்டு சட்டியையும் ஜன்னலோரம் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, வெயில் ஏறினால் ஈரத்துணி போட்டு மூடினார்கள். பிள்ளை வளர்ப்பு என்றால் அப்படித்தானே.

அந்த இதயம் முதல் வாரத்தில் அழகாகத் துடித்தது. சில நேரம் வேகமாக, சில நேரம் மெல்ல. ஜன்னலுக்கு வெளியே காற்றாலை விசிறி சுற்றுவதைக் கண்டால் அதற்குக் கொண்டாட்டம். மெஸ்ஸில் பாத்திரம் விழுந்தால் திடுக்கென்று ஒரு துள்ளு. வேலுமதி விரலை வைத்து எண்ணிப் பார்ப்பாள். நிமிடத்துக்கு எண்பத்தொன்று வரும்.

வினை லேபில் இருந்தது. லேப் என்றால் ஒரு ஹால், நாலு டியூப்லைட், நடுவில் துணி போர்த்திய ஓர் ஈ.சி.ஜி. மெஷின். அந்தத் துணியை இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிற அன்று மட்டும்தான் எடுப்பார்கள். மற்ற நாளில் தொட்டால் கெட்டுப்போகும் என்று லேபுக்குப் பொறுப்பான கோமதிநாயகம் சார் சொல்லிவிட்டார். அப்புறம் ரீடிங் எப்படி எடுப்பது? எடுக்க வேண்டாம். ரெக்கார்டு நோட்டில் போட்டால் போதும். விடை எழுபத்திரண்டு என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து பின்பக்கமாக நடந்து வந்தால் ரீடிங் தானாக வந்துவிடும். சீனியர்கள் அப்படித்தான் செய்தார்கள், அவர்களுடைய சீனியர்களும் அப்படித்தான், சாரும் ஒரு காலத்தில் அப்படித்தான்.

இவள்தான் கேனத்தனமாக நிஜமாகவே எண்ணிக்கொண்டு போனாள்.

"சார், எண்பத்தொண்ணு வருது."

சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுபத்திரண்டு போடு."

"நெசமாவே எண்பத்தொண்ணுதான் சார் வருது."

"எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வருவாரு. உன் எண்பத்தொண்ணைக் கண்டா எக்ஸ்பெரிமென்ட் தப்புன்னுவாரு. ரிப்பீட் போடணுமா? அரியர் வைக்கணுமா? உங்கப்பா என்ன பண்றாரு?"

"மினிபஸ் ஓட்டுதாவ சார்."

"அப்போ எழுபத்திரண்டு போடு."

மினிபஸ்ஸுக்கும் எழுபத்திரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. அரியர் விழுந்தால் வருடம் நீளும். வருடம் நீண்டால் அப்பா தாங்க மாட்டார். அது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் ஓடியது. எழுபத்திரண்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். தூக்குச்சட்டி மேஜைமேல்தான் இருந்தது, மூடியும் திறந்துதான் இருந்தது.

மறுநாள் விரலை வைத்தபோது எழுபத்திரண்டு வந்தது. அதற்கு அடுத்த நாளும் அதேதான். காற்றாலையைக் காட்டினாலும் எழுபத்திரண்டு, மெஸ்ஸில் பாத்திரம் விழுந்தாலும் எழுபத்திரண்டு. "ஒழுங்குக்கு வந்துட்டு ஜெபா" என்று சந்தோஷப்பட்டாள். பாவி, சந்தோஷமல்லவா பட்டாள். ஒருநாள் குளித்துவிட்டு வந்து மூடியைத் திறந்தால் அது அசையாமல் கிடந்தது. விரலை வைத்ததும் லப்டப் என்று ஆரம்பித்துவிட்டது. நான் வந்தால்தான் விளையாடும் என்று ஜெபசெல்வியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

சொந்தக்காரர்களையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார விடமாட்டார்கள். "டாக்டருக்கா படிக்கே, இன்ஜினியருக்கா?" ரெண்டும்தான் என்றால் போச்சு. ஒரு சித்தப்பா பி.பி. மாத்திரையை நீட்டி இதை ராத்திரி போடவா, காலையில் போடவா என்பார். ஒரு பெரியப்பா மோட்டார் தண்ணீர் இழுக்க மாட்டேன் என்கிறது, வந்து பார் என்பார். இவளுக்கு ரெண்டுமே தெரியாது. படித்தது அப்படி. மடியில் இருக்கிற தூக்குச்சட்டியை மட்டும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஓர் அத்தை மாத்திரம் மூடியைத் தூக்கிப் பார்த்து, "ரசமாக்கும்னு நெனச்சேன்" என்று மூடிவிட்டுப் போனாள்.

ஆவுடையப்பன்தான் பார்ப்பார். விடுமுறைக்கு வந்தால் சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். "என்னவே, சௌக்கியமா? பிள்ளை நல்லா கவனிச்சுக்கிடுதாளா?" என்று மரியாதையாக விசாரிப்பார். வருடத்துக்கு வருடம் அது வளர்ந்தது, இவர் வற்றினார். மூன்றாம் வருடம் அது மாங்காய் அளவு ஆனபோது அவர் பஸ்ஸின் படியில் ஏறுவதற்குக் கண்டக்டர் இசக்கிராஜ் கைகொடுக்க வேண்டியிருந்தது. "இன்னும் ஒரு வருசம் எப்பா. பிடிச்சுக்க" என்பாள் வேலுமதி. "நான் பிடிச்சுக்கிடுதேன். நீ அரியர் வைக்காம வா" என்பார் அவர்.

கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. ஆஸ்பத்திரிக் கருவி செய்கிற கம்பெனி ஒன்றுகூட வரவில்லை. அடுத்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று முதல் வருடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தது சென்னையில் இருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. இதயத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நாலு வருடம் பயோமெடிக்கல் படித்த பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ அதே சம்பந்தம்தான்.

உறுப்பும் வளர்த்தவரும் சேர்ந்துதான் உட்கார வேண்டும். கம்பெனி அம்மா ரெண்டு பேரையும் பார்த்து, "நைட் ஷிஃப்ட் ஓகேவா?" என்று கேட்டார்.

"வாரத்துல எத்தனை நாள் மேடம்?" என்றாள் வேலுமதி.

தூக்குச்சட்டி லப்டப் என்றது.

அது தூங்காது, லீவு கேட்காது, சாப்பாட்டு நேரம் கிடையாது, கல்யாணமும் ஆகாது. கம்பெனி அம்மா உடனே அதை வேலைக்கு எடுத்துக்கொண்டார், படிப்பு முடிந்ததும் வந்து சேரச் சொன்னார். வேலுமதியை, கம்யூனிகேஷன் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாளே கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். இதயத்துக்கு டை கட்டிய படம், மேலே நூறு சதவீத வேலைவாய்ப்பு, அடியில் பொடி எழுத்தில் 'வளர்ப்பு: ஆ. வேலுமதி'. குடல்வாலுக்கும் வேலை கிடைத்திருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் இருக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அந்தக் கம்பெனி கேட்டதாம்.

அதே வாரம் ஆவுடையப்பன் வண்டியிலேயே மயங்கிச் சாய்ந்தார். வேலுமதி தூக்குச்சட்டியோடு பிளேஸ்மென்ட் ஆபீசர் எட்வின் சாரிடம் ஓடினாள்.

"சார், இது எங்கப்பாவுக்குன்னு வளத்தது. அவருக்கு நாள் இல்ல சார். குடுத்திருங்க."

"ஒரு ஆளுக்கு ஒரு ஆஃபர்தான்மா. ரூல் தெரியும்ல? வாங்கினா போயாகணும். ஒண்ணு கழண்டாலும் எனக்கு நூறு சதவீதம் போயிரும்."

அவள் அங்கேயே நின்றாள். அழுதால் இரங்குகிற முகம் இல்லை அது. அவரே மூக்கைச் சொறிந்துகொண்டு, "ட்ரீம் கம்பெனி வந்தா மட்டும் மாத்திக்கலாம். முதல் ஆஃபரைவிடப் பெரிய கம்பெனி. உங்கப்பாவை கம்பெனியா வரச் சொல்லு" என்றார்.

ஆவுடையப்பன் கம்பெனியாக வந்தார். இசக்கிராஜும் இன்னொரு ஆளும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து செமினார் ஹாலில் வைத்தார்கள். காக்கிச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தார். கல்லூரியில் பூங்கொத்து கொடுத்தார்கள், பாட்டில் தண்ணீர் வைத்தார்கள், கம்பெனியைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"எங்க கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒருநாள்கூட நின்னது கிடையாது" என்றார் ஆவுடையப்பன், மூச்சு வாங்கி வாங்கி. "இப்போ நிக்கப் போவுது. அதான் ஆள் எடுக்க வந்திருக்கேன்." பிள்ளைகள் கைதட்டினார்கள்.

முதலில் இதயத்திடம் கேட்டார். "நிக்காம ஓடுவீராவே?"

எட்வின் சார் இதற்கென்று துணியை எடுத்து, ஈ.சி.ஜி. மெஷினையே கொண்டுவரச் சொல்லியிருந்தார். எழுபத்திரண்டு என்று கோடு கோடாக வந்தது. அதைவிட நல்ல பதிலை ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

வளர்த்தவரையும் கேட்டாக வேண்டுமே. வேலுமதி எழுந்து நின்றாள். "நீங்க நல்லாத்தான் படிச்சிருக்கீங்க தாயி. ஆனா எங்க கம்பெனில ஒரு எடந்தான் காலி இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"பரவாயில்ல சார்" என்றாள் அவள்.

வெளியே வந்து பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டாள். சொந்த அப்பாவே எடுக்கவில்லை. நியாயம்தான் என்று தெரியும், தெரிந்தாலும் வலித்தது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. பழையதை எடுத்தார்கள், புதியதை வைத்தார்கள். மானிட்டரில் எழுபத்திரண்டு. டாக்டர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். நர்ஸ்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள், எழுபத்திரண்டு. ஆவுடையப்பன் கண் விழித்து, பால் விட்டு ஒரு காபி கேட்டார். வேலுமதிக்கு நாலு வருடத்தில் முதல்முறையாக வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. டிஸ்சார்ஜ் சொல்லி, நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைக் கழற்றினார்கள். கழற்றியதும் அவர் நின்றுபோனார்.

திரும்ப ஒட்டினார்கள். எழுபத்திரண்டு. "காபி ஆறிப்போச்சே" என்றார் ஆவுடையப்பன். கழற்றினார்கள், நின்றுபோனார்.

பெரிய டாக்டர் வேலுமதியைக் கூப்பிட்டார். "வளர்க்கும்போது ரீடிங் என்ன வந்தது?"

"எண்பத்தொண்ணு டாக்டர்."

"என்ன போட்டே?"

"எழுபத்திரண்டு."

டாக்டர் தலையாட்டினார். "நாங்களும் அப்படித்தான் போட்டோம்" என்று சொல்லிவிட்டு, கோமதிநாயகம் சாருக்கு போன் போட்டார். சார், "இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிற வரைக்கும் ஒரு குறையும் வராது டாக்டர், நான் கேரண்டி" என்றார். அதாவது, அளக்கிறவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஓடும். பார்க்காவிட்டால் ஓட அதற்குக் காரணம் கிடையாது. அந்த லேபில் அதற்கு வேறெதுவும் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

மெஷினை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். வேலுமதியின் அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பீடி சுற்றுகிற விரல், எண்ணுவதில் ஒன்று தவறாது. ஆனால் அம்மாவை அது எக்ஸாமினராக மதிக்கவில்லை. வேலுமதி பிடித்தாள். லப்டப் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டது, நல்ல பிள்ளை மாதிரி.

அன்றைக்குப் பிடித்த கைதான். ஆவுடையப்பன் வீட்டில் சும்மா இருக்கிற ஆள் இல்லை. திரும்ப மினிபஸ் ஏறினார். வேலுமதி இன்ஜின் பெட்டிமேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, அவருடைய இடதுகை மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டாள். கியர் போடும்போது ரெண்டு பேர் கையும் சேர்ந்து போகும். அவள் தும்மினால் விரல் விலகும், இதயம் நிற்கும், ஆவுடையப்பன் அதற்குள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாய்ந்துகொள்வார். அவள் மூக்கைத் துடைத்துவிட்டுப் பிடிப்பாள், வண்டி கிளம்பும். பிரயாணிகள் பழகிவிட்டார்கள். "பாப்பாக்கு சளி பிடிச்சிருக்கு, இன்னைக்கு லேட்டாத்தான் போவும்" என்று சொல்லிக்கொண்டு முன்கூட்டியே கிளம்பி வந்தார்கள். வீட்டில் தூங்குகிற நேரத்தில் துணியால் ரெண்டு கையையும் சேர்த்துக் கட்டி வைத்தாள் அம்மா.

கல்லூரி வாசலில் புது ஃபிளெக்ஸ் வைத்திருப்பதாக ஜெபசெல்வி போனில் சொன்னாள். இந்தத் தடவை வேலுமதி படம் பெரிதாகவே இருந்ததாம். படித்த படிப்புக்கேற்ற வேலை, சொந்த ஊரிலேயே, ஆயுள் முழுக்க. அந்த வருடம் இன்னும் நிறையப் பிள்ளைகள் சேர்ந்தார்களாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னை போயிருக்கலாம். எங்கேயாவது போயிருக்கலாம். அப்பா சாக வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இந்தக் கையை எடுத்து ஒரு தடவை தலைவாரிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். அதற்குமேல் நினைக்கப் பயமாக இருந்தது. எண்பத்தொன்று என்று எழுதியிருந்தால் ஓர் அரியரோடு போயிருக்கும். அந்த அரியருக்குள் அப்பா போயிருப்பாரோ, இருந்திருப்பாரோ, யார் கண்டது.

ஒருநாள் நடை முடிந்து, கடைசி ஸ்டாப்பில் டீ குடிக்க இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் தாயி, என்னையத்தான் எந்நேரமும் பாக்கே. ஒனக்கு எவ்வளவு ஓடுது?"

"பாத்ததில்லப்பா."

"நாலு வருசமும் பாக்கலியா?"

"ஆர் பாத்தா? எழுபத்திரண்டுன்னு போட்டுட்டு வந்துட்டோம்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வலதுகையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை நாள் பார்த்துப் பார்த்து அவருக்கும் இடம் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் விரலை அழுத்தவும் இல்லை, அவளைத் திட்டவும் இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்கவும் இல்லை. அப்புறம் விரலுக்கடியில் ஒரு தட்டு. இன்னொன்று. சீராக ஓட ஆரம்பித்தது. அவள் கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது. வாயில் இருந்த டீ சூடாக இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஓடுது" என்றார் ஆவுடையப்பன்.

"விட்டுராதப்பா."

"விடல. நீயும் விட்டுராத."

அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது. இசக்கிராஜ் விசில் அடித்தார். ரெண்டு பேருக்கும் கை ஒழியவில்லை. மினிபஸ் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது, பிறகு தானே கியர் மாற்றிக்கொண்டு கிளம்பிற்று. இத்தனை வருடம் ஒரே வழிதானே, அதற்குத் தெரியும். இசக்கிராஜ் பின்படியில் தொற்றிக்கொண்டு டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தார்.

"எம்புட்டு வருது?" என்றாள் வேலுமதி, பெஞ்சை விட்டு எழாமல்.

"எழுபத்திரண்டு. எனக்கு?"

"எழுபத்திரண்டு."

பஸ் வளைவில் ஒரு ஹாரன் அடித்துத் திரும்பிப் போயிற்று.